தெரிந்தே தப்பாக வெட்டிய சாவி

டமார்!

வீட்டுப்பாடத்தில் தலையைக் கவிழ்த்திருந்த நண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு சாண் எம்பிக் குதித்தாள். சாவிக்கடையே ஒருமுறை குலுங்கியது. சுவரில் வரிசையாகத் தொங்கிய வெட்டாத சாவிகள் எல்லாம் ஒன்றோடொன்று உரசி, 'என்ன ஆச்சு, என்ன ஆச்சு?' என்று கேட்பதுபோல் கிணுகிணுத்தன.

மூலையில் பழைய இரும்பு போடுகிற டிரம் இருந்தது. அதன் முன்னால் நின்று பெரியப்பா கைகளைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"என்ன பெரியப்பா போட்டீங்க?"

"சாவிக்கொத்து."

"எந்தச் சாவிக்கொத்து?"

"அந்தச் சாவிக்கொத்துதான்."

நண்டு பிளந்த வாயை மூட மறந்தாள்.

நண்டுவுக்கு வயது பத்து. அவளுக்கு அழகான பெயர் ஒன்று உண்டு. ஆனால் ஓரிடத்தில் நிற்காமல் குறுக்கும் நெடுக்கும் ஓடுவதால் பெரியப்பா வைத்த 'நண்டு'தான் நிலைத்தது. அந்த அழகான பெயர் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் தொழிற்சாலையிலிருந்து திரும்பும்வரை அவள் இருப்பது பெரியப்பா கடையில்தான். கடையில் பாதி இடம் பெரியப்பாவின் சாவி வெட்டும் மெஷினுக்கு. மீதிப் பாதி பெரியம்மாவின் தையல் மெஷினுக்கு. அது 'க்ரீச்' என்றால் இது 'டகடக' என்று பதில் சொல்லும்.

சாவி வெட்டுவதில் ஒரு தொல்லை உண்டு. மயிரிழை தப்பினாலும் சாவி பூட்டைத் திறக்காது. பெரியப்பா கெட்டிக்காரர். ஆனாலும் எப்போதாவது கை தவறும். அப்படித் தப்பிப்போன சாவிகளை மற்றவர்கள் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள். பெரியப்பா மட்டும் அவற்றை ஒரு பெரிய வளையத்தில் கோத்து வைப்பார். முப்பத்தோரு வருடத்துச் சாவிகள். கொத்து இப்போது ஒரு கொழுத்த பூனையின் கனம் இருக்கும்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தக் கொத்தோடு அவர் கூடைப்பந்து மேட்சுக்குப் போவார். மேலே கடைசி வரிசையில் உட்காருவார். ஊரின் நீலச்சட்டை அணி ஒரு கூடை போட்டால் கொத்தைத் தூக்கி ஆட்டுவார். சலங்! சலங்! அரங்கமே அதிரும். ஆனால் நீலச்சட்டைக்காரர் ஒருவர், யாரும் குறுக்கே வராமல் தனியாகக் கூடைக்குக் குறிபார்க்கும் ஃப்ரீ த்ரோ போட நின்றால், கொத்தைத் தூங்கும் குழந்தைபோல் மார்போடு அணைத்துக்கொள்வார். ஒரு சாவிகூட மூச்சுவிடாது.

அந்தக் கொத்துதான் இப்போது டிரம்மில் கிடந்தது.

"இனிமே மேட்ச் கிடையாது. எனக்கும் அதுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை" என்றார் பெரியப்பா.

தையல் மெஷின் நின்றது. பெரியம்மா கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "ஏங்க, தோத்துட்டே இருந்தப்போ விழுந்து விழுந்து போனீங்க. முந்தாநாள் ஜெயிச்சாச்சு. இப்பப் போய் வேண்டாங்கறீங்க. உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"ஜெயிச்சதுதான் வந்துச்சு" என்றார் பெரியப்பா.

நீலச்சட்டை அணியின் கதை கொஞ்சம் பரிதாபமானது. நண்டு பிறப்பதற்கு முன்னால் ஒரே ஒருமுறை கோப்பை வாங்கினார்கள். அதற்குப் பிறகு வருடா வருடம் இறங்குமுகம்தான். போன வருடம் பழைய ஆட்டக்காரர்கள் எல்லோரும் மூட்டை கட்டிவிட்டார்கள். புதிய பயிற்சியாளராக ஒரு அம்மா வந்தார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் ஊரே அவரை 'விசில் டீச்சர்' என்று கூப்பிட்டது. அவர் மீசை அரும்பாத இளைஞர்களாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தார்.

சேர்த்ததும் தோற்றார்கள். தொடர்ந்து பதினோரு மேட்ச் தோற்றார்கள்.

"புதுசா கட்டறாங்க. வீடு கட்டறவன் முதல்ல பள்ளம்தான் தோண்டுவான். அதுக்குள்ள சுவரு எங்கே, கூரை எங்கேன்னு கேட்டா எப்படி?" என்று பெரியப்பா ஒவ்வொரு வாரமும் சொல்வார்.

"தோண்டித் தோண்டிக் கிணறே வந்துடுச்சு. இன்னும் ஒரு செங்கல்லைக் காணோமே" என்பார் பெரியம்மா. துணைக்காகத்தான் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு, மேட்ச் நடக்கும்போது குனிந்து சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருப்பார்.

பன்னிரண்டாவது மேட்ச் அன்று ஒரு பல் டாக்டர் தன் வீட்டுக் குளியலறைக்குள் மாட்டிக்கொண்டார். கதவு திறக்கவில்லை. பெரியப்பா கொத்தைப் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடினார். பூட்டு படுத்திய பாட்டில், அவர் அரங்கத்துக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஜனங்கள் குதித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். நீலச்சட்டை ஜெயித்துவிட்டது!

அன்றைக்குப் பெரியம்மாவும் குதித்தார் என்று நண்டு சொன்னாள். குதிக்கவே இல்லை என்று பெரியம்மா சாதித்தார். ஆனால் அவருடைய இடது செருப்பின் வார் அறுந்திருந்தது. அதில் ஊக்கு குத்தித்தான் வீட்டுக்கு நடந்தார்.

"யோசிச்சுப் பாரு நண்டு" என்றார் பெரியப்பா இப்போது. "நான் போன மேட்ச் பதினொண்ணு. பதினொண்ணும் தோல்வி. நான் போகாதது ஒண்ணே ஒண்ணு. அது வெற்றி. இதுக்கு என்ன அர்த்தம்?"

"பல் டாக்டர் அடிக்கடி மாட்டிக்கணும்னு அர்த்தம்" என்றார் பெரியம்மா.

பெரியப்பா சிரிக்கவில்லை. "எனக்கு ராசி இல்ல. என்னாலதான் பிள்ளைங்க தோக்கறாங்க. முப்பத்தோரு வருஷமா அந்த அணிக்கு நான் பண்ணின ஒரே உபகாரம் அன்னிக்குப் போகாம இருந்ததுதான்."

சொல்லிவிட்டு மெஷினை ஓட்டினார். அடுத்த நிமிடமே ஒரு சாவியைத் தப்பாக வெட்டினார். அதை வளையத்தில் கோக்கக் கை தானாக நீண்டது. வளையம் அங்கே இல்லை. தப்புச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நண்டுவுக்கு நெஞ்சுக்குள் ஏதோ உரசியது.

அடுத்த சனிக்கிழமை பெரியப்பா வீட்டிலேயே இருந்தார். நண்டுவும் பெரியம்மாவும் மட்டும் போனார்கள். பெரியம்மா இன்னும் அதே ஊக்கு குத்திய செருப்பைத்தான் போட்டிருந்தார்.

"புதுசு வாங்கலையா பெரியம்மா?"

"என் செருப்பு, என் கால். நீ வாயை மூடிட்டு நட."

நீலச்சட்டை இரண்டே புள்ளியில் தோற்றது. எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். நண்டுவுக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம். வீட்டுக்கு ஓடினாள்.

"பெரியப்பா! தோத்துட்டோம்!"

"அதுக்கு ஏன் இப்படிப் பல்லைக் காட்டறே?"

"நீங்க வரலையே, அப்படியும் தோத்துட்டோமே! அப்ப உங்க மேல தப்பு இல்லதானே?"

பெரியப்பா, திருடியதை ஒப்புக்கொள்கிறவர்போல் மெல்லச் சொன்னார். "கடைசிக் கால்பகுதியில மனசு கேக்கல. ஜன்னல் வழியா ஒரு தடவை அரங்கத்து விளக்கை எட்டிப் பார்த்துட்டேன். அதான்."

நண்டு தலையில் அடித்துக்கொண்டாள். இந்தப் பூட்டு சாமானியமாகத் திறக்கிற பூட்டு இல்லை.

அதன் பிறகு நிலைமை மோசமானது. பெரியப்பா அரங்கம் இருக்கும் தெருவையே விட்டுவிட்டு ஊரைச் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தார். வாடிக்கையாளர் யாராவது மேட்ச் பேச்சை எடுத்தால் மெஷினை ஓட்டிச் சத்தத்தில் அமுக்கினார். நீலச் சட்டை போட்டு வந்த தபால்காரரைக்கூட நேராகப் பார்க்கவில்லை. பையில் தப்புச் சாவிகள் சேர்ந்துகொண்டே போயின. நடந்தால் பை கிணுகிணுத்தது.

வருகிற சனிக்கிழமை இந்த வருடத்தின் கடைசி மேட்ச். முதலிடத்தில் இருக்கும் மஞ்சள்சட்டை அணியோடு. முதல் முறை மோதியபோது நாற்பத்தோரு புள்ளி வித்தியாசத்தில் அடித்துத் துவைத்தவர்கள் அவர்கள்தான்.

புதன்கிழமை சாயங்காலம். பெரியப்பா ஒரு காரின் கதவைத் திறக்க இரண்டு தெரு தள்ளிப் போயிருந்தார். பெரியம்மா தைத்த துணிகளைக் கொடுக்கப் போயிருந்தார். கடையில் நண்டு மட்டும்தான்.

டங்!

பாதி இறங்கிய ஷட்டரில் யாரோ தலையை இடித்துக்கொண்டார்கள். முதலில் இரண்டு நீளக் கால்கள் தெரிந்தன. பிறகு இடுப்பு. வெகுநேரம் கழித்துத் தலை.

நண்டு துள்ளி எழுந்தாள். நீலச்சட்டை அணியின் ஏழாம் எண்! அணியிலேயே உயரமானவர், அணியிலேயே ஒல்லியானவர். பெரியப்பா அவருக்குப் பிரியமாக வைத்திருந்த பெயர் ஒட்டடைக்குச்சி.

"ஒட்..." என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஒட்டகமா?" என்றார் அவர் தலையைத் தேய்த்துக்கொண்டே. "பரவாயில்ல. ஸ்கூல்ல அப்படித்தான் கூப்பிடுவாங்க. சாவி வெட்டறவர் இல்லையா பாப்பா?"

"பெரியப்பா இப்ப வந்துடுவார். உக்காருங்கண்ணா. என்ன சாவி?"

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். முழங்கால்கள் காதுவரை வந்தன. பையிலிருந்து ஒரு சின்ன சாவியை எடுத்தார்.

"லாக்கர் சாவி. ரெண்டு கொடுத்திருந்தாங்க. ஒண்ணு எங்கேயோ தொலைஞ்சுடுச்சு. அணியை விட்டுப் போறவங்க ரெண்டையும் திருப்பிக் கொடுக்கணும். அதான் இன்னொண்ணு வெட்டிக்கலாம்னு."

"போறீங்களா? எங்கே?"

"வீட்டுக்குத்தான். நாளைக்கு டீச்சர்கிட்ட சாவியைக் கொடுத்துட்டு, சனிக்கிழமை விளையாட மாட்டேன்னு சொல்லிடப் போறேன்."

"ஏன்?"

அவர் சாவியை விரல்களுக்கு நடுவே உருட்டினார். "சொன்னா சிரிப்பே."

"சிரிக்க மாட்டேன். சத்தியமா."

"நான் விளையாடின மேட்ச் எல்லாம் தோத்தாச்சு. ஒரே ஒரு மேட்ச், காலு சுளுக்கி நான் வெளியே உக்காந்திருந்தேன். அதுல மட்டும் ஜெயிச்சாங்க. போன வாரம் காலு சரியாச்சு, உள்ளே இறங்கினேன். மறுபடியும் தோல்வி." அவர் குனிந்து தன் பெரிய காலணிகளைப் பார்த்தார். "எனக்கு ராசி இல்ல பாப்பா."

நண்டு சிரிக்கவில்லை. அவள் கண்கள்தான் பெரிதாயின. இதே பேச்சை அவள் இதற்கு முன்னால் கேட்டிருக்கிறாள். இதே கடையில், இதே குரலில்.

"அந்தச் சாவிச் சத்தம்கூட நின்னுடுச்சு" என்றார் அவர்.

"எந்தச் சத்தம்?"

"மேலே கடைசி வரிசையில ஒருத்தர் பெரிய சாவிக்கொத்தை ஆட்டுவார். விளக்கு வெளிச்சத்துல கண்ணு கூசும், முகம் தெரியாது. ஏதோ ஜெயில் வார்டன்னு நாங்க பேசிக்குவோம். முப்பது புள்ளி பின்னாடி இருப்போம், பாதிப் பேர் எழுந்து போயிருப்பாங்க. அவர் மட்டும் ஆட்டிட்டே இருப்பார். 'அந்தச் சத்தம் நிக்கறவரைக்கும் ஓடுங்கடா'ன்னு டீச்சர் சொல்லுவாங்க. ரெண்டு வாரமா காணோம். பாவம், அவருக்கும் எங்க மேல நம்பிக்கை போயிடுச்சு போல."

'அது எங்க பெரியப்பா!' என்று கத்த நண்டுவின் வாய் திறந்தது. பாதியிலேயே மூடிக்கொண்டது.

சொல்லலாம். சொன்னால் என்ன ஆகும்? இவர் ராசி இல்லை என்பார், அவரும் ராசி இல்லை என்பார். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நண்டு பென்சிலைக் கடித்து யோசித்தாள். அவள் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவியது.

அந்த நேரம் பெரியப்பா கருவிப் பெட்டியோடு உள்ளே நுழைந்தார். முக்காலியில் இருப்பவரைப் பார்த்தார். கருவிப் பெட்டி கை நழுவி மேஜையில் விழுந்தது. சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

"என்ன வேணுமாம் நண்டு?" என்று சுவரிடம் கேட்டார்.

"இவர் ஏன் சுவத்தைப் பார்த்துப் பேசறார்?" என்றார் ஒட்டடைக்குச்சி அண்ணன் கிசுகிசுப்பாக.

"கழுத்துப் பிடிப்பு" என்றாள் நண்டு. பிறகு குரலை உயர்த்தினாள். "பெரியப்பா, இந்த அண்ணனுக்கு அவசரமா ஒரு லாக்கர் சாவி வெட்டணும். அணியை விட்டுப் போறாராம்."

சுவரைப் பார்த்திருந்த முதுகு விறைத்தது. "போறானா? ஏன்?"

"அவருக்கு ராசி இல்லையாம். அவர் உக்காந்திருந்த மேட்ச்தான் ஜெயிச்சுதாம். அவராலதான் அணி தோக்குதாம்."

பெரியப்பா பம்பரம்போல் திரும்பினார். கழுத்துப் பிடிப்பு, ராசி, சுவர் எல்லாம் பறந்துபோயின.

"யார் சொன்னா? எந்த மடையன் சொன்னான்?"

"நா... நானேதான்" என்றார் அண்ணன்.

"உனக்கு உயரம் வளர்ந்த அளவுக்கு மூளை வளரலையா தம்பி? ஆறாவது மேட்ச்ல பதினாலு ரீபவுண்டு எடுத்தியே, எதிராளி போட்ட பந்து கூடையில பட்டுத் திரும்பினா கழுகு மாதிரி பாய்ஞ்சு பாய்ஞ்சு பிடிச்சியே, அது ராசியில்லாதவன் வேலையா? நீ உக்காந்திருந்த அன்னிக்கு ஏன் ஜெயிச்சாங்க தெரியுமா? உங்க அணிக் குட்டைப் பையன் தூரத்துல இருந்து ஆறு கூடை போட்டான். எப்படிப் போட்டான்? தினம் காலையில உன்னைக் கையைத் தூக்கி முன்னாடி நிக்கவெச்சு, உன் தலைக்கு மேல போட்டுப் போட்டுப் பழகினான். பேப்பர்ல வந்துச்சே! மூணு மாசத்து உழைப்பு அன்னிக்குக் காய்ச்சுது. அவ்வளவுதான்!"

"ஆனா, நான் உக்காந்திருந்த அன்னிக்குத்தானே..."

"காக்கா உக்கார பனம்பழம் விழுந்துச்சாம். அதுக்காக, 'நான் உக்காந்ததாலதான் விழுந்துச்சு, இனிமே உக்காரவே மாட்டேன்'னு காக்கா அழுமா? ஒரு ஆள் அங்கே இருக்கறதாலேயோ இல்லாததாலேயோ பந்து கூடைக்குள்ள போகுமா? பந்துக்குக் கண்ணு இருக்கா, யாரு வந்திருக்காங்க, யாரு வரலைன்னு எண்ணிப் பார்க்க?"

பெரியப்பா மூச்சு வாங்கினார்.

"பெரியப்பா" என்றாள் நண்டு, மிகவும் பணிவாக. "கடைசியாச் சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்களேன்."

"எதை? ஒரு ஆள் அங்கே இருக்கறதாலேயோ இல்லாததாலேயோ பந்து..."

அவர் நிறுத்தினார்.

"சொல்லுங்க பெரியப்பா. பந்துக்குக் கண்ணு இருக்கா?"

பெரியப்பா நண்டுவைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். மேலே தொங்கிய சாவிகளைப் பார்த்தார். காதுவரை சிவந்துபோயிருந்தார்.

"அது வேற, இது வேற" என்று முனகினார்.

"எது வேற? அவர் ஒரு காக்கா, நீங்க ஒரு காக்கா. ரெண்டு காக்காவும் ஒரே பழத்துக்குச் சண்டை போடறீங்க."

அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன பாப்பா பேசறே?"

நண்டு மூலைக்கு ஓடினாள். டிரம்முக்குள் தலைகீழாகத் தொங்கி, இரண்டு கைகளாலும் இழுத்தாள். தம் பிடித்துத் தூக்கி ஓர் ஆட்டு ஆட்டினாள்.

சலங்!

அண்ணன் துள்ளி எழுந்தார். டங்! இந்த முறை தலை இடித்தது மேலே இருந்த விளக்கில்.

"ஜெயில் வார்டன்! நீங்கதானா அது? எங்களை விட்டுட்டுப் போயிட்டீங்கன்னுல்ல நினைச்சோம்!"

"விட்டுட்டா? நானா?" பெரியப்பாவின் குரல் உடைந்தது. "உங்களுக்காகத்தாண்டா தம்பி வராம இருந்தேன்!"

"உங்க நல்லதுக்குன்னு இவர் வர்றதில்ல. அணி நல்லதுக்குன்னு நீங்க போறீங்க" என்றாள் நண்டு. "ரெண்டு பேரும் இப்படியே உதவி பண்ணிட்டிருந்தா, சனிக்கிழமை அரங்கத்துல ஆடவும் ஆள் இருக்காது, பார்க்கவும் ஆள் இருக்காது."

அண்ணன்தான் முதலில் சிரித்தார். பெரியப்பாவுக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

"சரி. அந்தச் சாவியைக் கொடு தம்பி."

நண்டு திடுக்கிட்டாள். "பெரியப்பா! வெட்டப் போறீங்களா?"

அவர் லாக்கர் சாவியை மெஷினின் ஒரு பக்கம் பொருத்தினார். மறுபக்கம் வெட்டாத சாவி ஒன்றைப் பொருத்தினார். க்ரீச்... பித்தளைத் தூள் பறந்தது. பாதி வெட்டியதும் வேண்டுமென்றே ஒரு நெல்முனை அளவு தள்ளிப் பிடித்தார். மறுபடி க்ரீச்.

முடிந்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

"இது எந்த ஜென்மத்துலேயும் உன் லாக்கரைத் திறக்காது. இவ்வளவு வருஷத்துல நான் தெரிஞ்சே தப்பா வெட்டின ஒரே சாவி இதுதான். ரெண்டு சாவி இல்லாம உன்னால அணியை விட்டுப் போக முடியாது இல்ல? ஒழுங்கா சனிக்கிழமை வந்து ஆடு."

அந்தச் சாவியைக் கொத்தில் கோத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்த தப்புச் சாவிகளையும் ஒவ்வொன்றாகக் கோத்தார். எண்ணிப் பார்த்த நண்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பத்து நாளில் பதினேழு!

சனிக்கிழமை அரங்கம் நிறையவில்லை. பாதிதான் இருந்தது. ஆனால் அந்தப் பாதி கடைசிவரை எழுந்து போகவில்லை. மஞ்சள்சட்டைக்காரர்கள் மலைபோல் இருந்தார்கள். நீலச்சட்டைக்காரர்கள் எறும்புபோல் அந்த மலையில் ஏறிக்கொண்டே இருந்தார்கள். குட்டைப் பையன் தூரத்திலிருந்து போட்டான். ஒட்டடைக்குச்சி அண்ணன் காற்றில் கையை வீசி வீசிப் பந்தைப் பறித்தார். சலங்! சலங்! பெரியப்பாவின் சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டது. பெரியம்மா ஒரே பொத்தானை நாலு தடவை தைத்தார்.

இரண்டே விநாடி பாக்கி. நீலச்சட்டை இரண்டு புள்ளி பின்னால். யாரோ அண்ணனின் கையில் அடிக்க, நடுவரின் விசில் ஒலித்தது. இரண்டு ஃப்ரீ த்ரோ. ஒன்றுக்கு ஒரு புள்ளி. இரண்டும் விழுந்தால் சமன்.

பெரியப்பா கொத்தை மார்போடு இறுக்கிக்கொண்டார். அரங்கத்தில் ஊசி விழுந்தாலும் கேட்கும்.

முதல் பந்து. உள்ளே!

இரண்டாவது பந்து. வளையத்தில் பட்டது. ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னொரு சுற்று. யோசித்தது. பிறகு, வெளியே உருண்டு விழுந்தது. மஞ்சள்சட்டைக்காரர் அதை அள்ளிக்கொள்ள, ஆட்ட முடிவின் மணி அலறியது.

ஒரே ஒரு புள்ளியில் தோல்வி.

அண்ணன் நின்ற இடத்திலேயே நின்றார். நீளமான தலை கீழே தொங்கியது. அவர் என்ன நினைப்பார் என்று நண்டுவுக்குத் தெரியும். பக்கத்திலிருப்பவர் என்ன நினைப்பார் என்றும் தெரியும். திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது.

சலங்.

நண்டு திரும்பினாள். பெரியப்பா எழுந்து நின்றிருந்தார்.

சலங். சலங்.

"தோத்துட்டோமே பெரியப்பா!"

"தெரியும்" என்றார் பெரியப்பா. ஆட்டுவதை நிறுத்தவில்லை.

முன்வரிசையில் இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். தன் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து ஆட்டினார். அவருக்குப் பக்கத்தில் ஓர் அம்மா பீரோ சாவிகளை எடுத்தார். இன்னொருவரிடம் இருந்தது ஒரே ஒரு சாவி. அதைத் தன் சாப்பாட்டு டப்பாவில் டிங் டிங் என்று தட்டினார். கொஞ்ச நேரத்தில் அரங்கம் முழுக்க மழை பெய்வதுபோல் சாவிச் சத்தம்.

கீழே அண்ணன் மெல்லத் தலையைத் தூக்கினார். கண்ணுக்கு மேல் கையை வைத்து, விளக்கு வெளிச்சத்தைத் தாண்டிக் கடைசி வரிசையைத் தேடினார். பிறகு தன் நீளமான கையை உயர்த்தி, காற்றில் ஒரு பூட்டைப் பூட்டுவதுபோல் விரல்களைத் திருப்பிக் காட்டினார்.

நான் எங்கேயும் போகவில்லை என்று அர்த்தம். நண்டுவுக்கு உடனே புரிந்தது. பெரியப்பாவுக்கும் புரிந்தது. அவர் மூக்கை உறிஞ்சியதிலிருந்து அது தெரிந்தது.

மூவரும் வீட்டுக்கு நடந்தார்கள். கொத்தை ஒரு பக்கம் பெரியப்பா பிடித்துக்கொள்ள, மறுபக்கம் நண்டு பிடித்துக்கொண்டாள்.

"முதல் தடவை இவங்ககிட்ட நாற்பத்தொண்ணுல தோத்தோம்" என்றார் பெரியப்பா. "இன்னிக்கு ஒண்ணு. நாற்பதைக் கடந்தாச்சு நண்டு! மிச்சம் ஒண்ணே ஒண்ணுதான்!"

"செங்கல் தெரியுதா பெரியப்பா?"

"செங்கல்லா? ஜன்னல் வைக்கிற உயரம் வந்தாச்சு!"

பின்னால் வந்த பெரியம்மாவின் செருப்புச் சத்தம் நின்றது. இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தெருவிளக்கின் கீழே நின்றுவிட்டிருந்தார். குனிந்து, ஊக்கு குத்திய அந்த இடது செருப்பைக் கழற்றி, எதிரியைப் பார்ப்பதுபோல் முறைத்தார்.

"என்ன பெரியம்மா, ஊக்கு குத்திடுச்சா?"

"ரெண்டு வாரமாக் குத்துது! ஜெயிச்ச அன்னிக்குப் போட்டிருந்த செருப்பாச்சேன்னு பொறுத்துக்கிட்டேன். ஒரு பிரயோஜனமும் இல்ல. ஏங்க, அடுத்த வருஷம் முதல் மேட்சுக்கு முன்னாடி எனக்கு ஒரு நல்ல செருப்பு வாங்கிக் கொடுத்துடுங்க, குதிச்சா அறுந்துபோகாததா!"